கடையைச் சாத்தாமலே கிடைக்கும் அமைதி

(திருவனந்தபுரத்தில் 'சாலை' என்ற கடைத்தெருவில், அங்குள்ள வியாபாரிகளும் அவர்கள் குடும்பத்தினரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மன அமைதியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தவர்கள், கூட்டத்தைச் சாலைக்கு வெளியே வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். இங்கே சத்தம் அதிகம், கொஞ்சம் தள்ளி ஒரு மண்டபம் பார்க்கலாம் என்பது அவர்கள் யோசனை. நான் வேண்டாம் என்றேன். கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை போகிற இந்தத் தெருவில்தான் உங்கள் பகல் முழுதும் கழிகிறது. சரக்கு வண்டியின் ஹாரன், தலைச்சுமையோடு வழி கேட்கும் குரல், தமிழும் மலையாளமும் கலந்த பேரம், பணம் வந்து சேர்ந்தது என்று சொல்லும் சின்னப் பெட்டியின் அறிவிப்பு, இவற்றுக்கு நடுவில்தான் உங்கள் மனம் வாழ வேண்டியிருக்கிறது. இங்கே உதவாத ஓர் அமைதியை மண்டபத்தில் உட்கார்ந்து பேசி நாம் என்ன செய்யப்போகிறோம்?

பொன்முடி மலைக்குப் போனால் மனம் லேசாகிறது, கோவளத்தில் கடலைப் பார்த்தால் லேசாகிறது. உண்மைதான். போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கிய கால்மணி நேரத்தில் அந்த லேசு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. நம்மில் பலர் அமைதியை ஒரு விடுமுறை என்று நினைத்துவிட்டோம். ஓய்வுபெற்ற பிறகு, மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு, கடன் தீர்ந்த பிறகு என்று தள்ளிக்கொண்டே போகிறோம். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அமைதிக்கான பயிற்சிக்கூடம் நீங்கள் நிற்கிற கடைதான், அந்தப் பயிற்சி எதிரில் நிற்கும் மனிதரைப் பார்ப்பதில் தொடங்குகிறது. அதற்குச் சாட்சியாக இந்த ஊர்க்காரர்களையே அழைத்து வந்திருக்கிறேன்.

முதலில் தெருவைப் பற்றி இரண்டு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தர்மராஜா என்று பெயர் பெற்ற கார்த்திகைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், திவான் ராஜா கேசவதாசர் அமைத்த கடைவீதி இது. சிறு வயதில் ஒரு வணிகரிடம் கணக்கு வேலை பார்த்து மேலே வந்தவர் அவர் என்பார்கள். நாஞ்சில் நாட்டு நெல்லும் காய்கறியும், தோவாளைப் பூவும், கிழக்கேயிருந்து மளிகைச் சாமானும் இங்கே வந்து இறங்கின. அவற்றோடு நம் முன்னோர்களும் வந்து இறங்கினார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை பிரிந்து, நாஞ்சில் நாடும் தோவாளையும் அடங்கிய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சாலை கேரளத்தின் பக்கம் நின்றுவிட்டது. ஆனால் பூ வரத்து நிற்கவில்லை, பேச்சும் மாறவில்லை. இரண்டு மொழியைக் காதில் வாங்கி இரண்டிலும் பதில் சொல்லப் பழகிய தெரு இது. அந்தப் பழக்கமே ஒரு கூர்ந்த கவனம். அதை நாம் வியாபாரத்துக்கு மட்டும் செலவழிக்கிறோம்.

கவனம் என்கிற சொல்லை இனி அடிக்கடி சொல்லப்போகிறேன். அதனால் ஓர் ஆய்வைச் சொல்லிவிடுகிறேன். 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு நாளில் எந்த நேரத்திலாவது ஒரு கேள்வி போகும்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, வேறெங்கோ இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் கையில் இருக்கும் வேலையில் இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி. மனம் அலையும்போது மகிழ்ச்சி குறைந்திருந்தது. கவலையை நினைத்தால் குறைவது நமக்கே தெரியும். இனிமையான ஒன்றை நினைத்து அலைந்தவர்கள்கூட, கையில் இருந்த வேலையிலேயே இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருக்கவில்லை. இதுதான் என்னை நிறுத்தியது. ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்பதைவிட, மனம் அந்த வேலையில் இருக்கிறதா என்பதே அவருடைய மகிழ்ச்சியைப் பற்றி அதிகம் சொன்னது. பருப்பு நிறுப்பது சலிப்பான வேலை, அதனால் மனம் சலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த நாம், கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிகழ்காலத்தில் நிற்பதைப் பாடமாகச் சொல்லித்தருவது இப்போது உலகம் முழுதும் பரவியிருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஸின் என்பவர் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். அதன் வேர் புத்தர் காட்டிய வழியில் இருக்கிறது. மூச்சைக் கவனி, நடையைக் கவனி, உண்பதைக் கவனி, உடுத்துவதைக் கவனி என்று அன்றாடத்தையே தியானமாக்கிய வழி அது. காஞ்சிபுரமும் காவிரிப்பூம்பட்டினமும் ஒரு காலத்தில் பௌத்தம் வாழ்ந்த ஊர்கள். அமெரிக்கா சுற்றி நம்மிடம் வந்து சேர்வதற்கு முன்பே நம் மண்ணில் நடந்த பேச்சுதான் இது. அதை விரித்துக்கொண்டு போக விருப்பமில்லை. நாம் ஆற்றுகால் அம்மன் கோயிலுக்குப் போவோம்.

கும்ப மாதம், பூரம் நட்சத்திரம், ஆற்றுகால் பொங்காலை. சாலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்கவா வேண்டும்? அதற்கு முந்தின வாரமெல்லாம் இந்தத் தெருவில் மண்பானையும் செங்கலும் கொதும்பும் மலையாகக் குவிந்து கிடக்கும். 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. ஒரே நாளில், ஒரே காரியத்துக்காகப் பெண்கள் இவ்வளவு பேர் கூடும் இடம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? அந்த எண்ணிக்கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் அந்தப் பெண்களில் ஒருத்தியை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

முதல்நாள் இரவே வந்து இடம்பிடித்து, மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டியிருக்கிறாள். தார்ச்சாலை. மேலே வெயில் ஏறிவிட்டது. கோயிலின் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பில் தீ மூட்டிய பிறகுதான் இங்கே மூட்ட முடியும். அவள் காத்திருக்கிறாள். தீ வருகிறது, எப்படி? பக்கத்து அடுப்பிலிருந்து. பக்கத்து அடுப்புக்கு அதற்குப் பக்கத்து அடுப்பிலிருந்து. பெயர் தெரியாத ஒருத்தி ஓலைச்சூட்டில் நீட்டுகிற தீயை வாங்கி, தன் அடுப்பை மூட்டி, அடுத்தவளுக்கு நீட்ட வேண்டும். பிறகு புகை. கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் பானையிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியாது. அரிசி வேகிறதா, தண்ணீர் போதுமா, வெல்லம் எப்போது போடலாம், எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது? அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவளுக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. ஒன்றை வேண்டிக்கொண்டுதான் வந்திருப்பாள். மகனுக்கு வேலை, கணவருக்கு உடம்பு, ஏதோ ஒன்று. பானை பொங்கும்போது அந்த வேண்டுதல்கூடப் பின்னால் போய்விடுகிறது என்று ஓர் அக்கா என்னிடம் சொன்னார். வருஷம் முழுக்கக் கிடைக்காத நிம்மதி அந்தப் புகைக்குள் கிடைக்கிறது என்றும் சொன்னார்.

ஏன் கிடைக்கிறது? அம்மனின் அருள் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அருள் வந்து இறங்குவதற்கு அந்த ஏற்பாட்டில் ஓர் இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கைக்கு வேலை, கண்ணுக்கு ஒரு பானை, செவிக்குக் குரவை, தோளுக்குத் தோளாக ஒருத்தி. எல்லாப் புலனும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அதோடு அந்தத் தீ அவளுடைய தனிச்சொத்து இல்லை. வாங்கியது, கொடுக்க வேண்டியது. தனியாக உட்கார்ந்து என் நிம்மதி, என் நிம்மதி என்று தேடும்போது வராதது, பக்கத்தில் இருப்பவளோடு தீயைப் பகிரும்போது வந்துவிடுகிறது. எல்லாம் முடிந்த பிறகு அந்தச் செங்கற்களை மாநகராட்சி சேகரித்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. அதையும் அந்த வழிபாட்டின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன். 2021இலும் 2022இலும் தொற்றுக்காலத்தில் தெருவில் அடுப்பு இல்லை. பெண்கள் அவரவர் வீட்டு வாசலில் பொங்கலிட்டார்கள். அம்மன் அங்கேயும் ஏற்றுக்கொண்டாள் என்று நம்புகிறார்கள். ஆனால் பக்கத்து அடுப்பு இல்லாதது குறையாகவே இருந்தது என்று சொல்லாத பெண்ணை நான் பார்க்கவில்லை.

இனி தைக்காடு. இங்கிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே அரசு விருந்தினர் மாளிகையாக இப்போது இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் ஆங்கிலேய ரெசிடென்டின் மாளிகை. அந்த ரெசிடென்சியில் மேலாளராக இருந்தவர் ஒரு தமிழர். 1814இல் தமிழ்நாட்டில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 1909இல் மறைந்தவர். சூப்பிரண்டு அய்யாவு என்று ஊர் அழைத்தது. தைக்காடு அய்யாவு சுவாமிகள் என்று இன்று நாம் அழைக்கிறோம். சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் யோகம் பயின்றது இவரிடம்தான். கேரளத்தின் முகத்தையே மாற்றிய இரண்டு பேருக்கு ஆசான்.

அவர் எங்கே இருந்து கற்பித்தார் என்று பாருங்கள். காட்டில் குகை எடுத்துக்கொள்ளவில்லை. மடம் கட்டவில்லை. மனைவி மக்களோடு குடித்தனம். காலையில் எழுந்து ரெசிடென்சிக்குப் போக வேண்டும். மேலாளர் என்றால் என்ன வேலை? பணியாட்களைப் பார்க்க வேண்டும், சாமான் வரத்தைப் பார்க்க வேண்டும், துரைக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் ஏற்பாடு செய்ய வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும். நம் கடை வேலைக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை. அந்த வேலைக்கு இடையில்தான் அவர் யோகி. உத்தியோகத்தை விட்ட பிறகு ஞானம் என்று அவர் தள்ளிவைக்கவில்லை. இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கோப்புக்கும் தியானத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பாத மனம் எப்படிப்பட்ட மனம்!

அவருடைய அமைதி எப்படிப்பட்டது என்பதற்கு அளவுகோல் அவர் எத்தனை மணி நேரம் கண்ணை மூடி இருந்தார் என்பதில் இல்லை. தைப்பூச நாளில் அவர் நடத்திய பந்திபோஜனத்தில் இருக்கிறது. எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றார். தீண்டாமை மட்டுமல்ல, பார்வையில் படுவதே தீட்டு என்று சட்டம்போல நடந்துகொண்டிருந்த திருவிதாங்கூர் அது. அந்த ஊரில் புலையர் என்று விலக்கப்பட்டவர்களைத் தன்னோடு பந்தியில் அமர்த்தினார். மேல்சாதியார் அவரை இழிசொல்லால் ஏசினார்கள். மனிதருக்குச் சாதி ஒன்றே, மதம் ஒன்றே, தெய்வம் ஒன்றே என்பது அவருடைய பதிலாக இருந்தது என்று சொல்வார்கள். பின்னாளில் நாராயண குருவின் வாக்காகக் கேரளம் முழுதும் ஒலித்த கருத்து அது.

இங்கேதான் நான் என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். கவனம், அமைதி என்றால் நம்மில் பலர் உள்ளே திரும்புவது என்று மட்டும் எண்ணுகிறோம். அய்யாவு சுவாமிகளின் கவனம் உள்ளே திரும்பி, அங்கேயே நின்றுவிடவில்லை. வெளியே வந்து பந்தியில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தது. நூற்றாண்டுகளாக அருகிலேயே இருந்தும் யார் கண்ணிலும் படாமல் வைக்கப்பட்ட மனிதரை அது கண்டது. அவருடைய மாணவர்களையும் பாருங்கள். சட்டம்பி சுவாமிகள் இளமையில் தலைமைச் செயலகக் கட்டட வேலைக்கு மண்ணும் கல்லும் சுமந்தவர் என்பார்கள். நாராயண குரு மருத்துவாமலையில் தவமிருந்தவர். மலையிலேயே இருந்திருக்கலாம். இறங்கி வந்தார். 1888இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். கோயிலுக்குள் விடப்படாதவர்களுக்காகச் செய்தார். மன அமைதி பெற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்று யார் சொன்னது? இவர்கள் எல்லோரும் மக்கள் நடுவில் வந்தார்கள்.

அடுத்தவர் நம் தெருக்காரர். ஆ. மாதவன். இந்தச் சபையில் அவரை 'மாதவன் அண்ணாச்சி' என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் இருக்கலாம். 1934இல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். சாலைத் தெருவில் 'செல்வி ஸ்டோர்ஸ்' என்ற பாத்திரக்கடையைப் பல பத்தாண்டு காலம் நடத்தினார். 2021 ஜனவரியில் மறைந்தார். தமிழின் மிகச் சிறந்த சிறுகதைக்காரர்களில் ஒருவர். 1974இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயரே 'கடைத்தெருக் கதைகள்'. 2010இல் விஷ்ணுபுரம் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்குத்தான் போனது. 2015இல் 'இலக்கியச் சுவடுகள்' நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது.

அவர் எதை எழுதினார்? கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணில் பட்டதை எழுதினார். சுமை தூக்குகிறவன், பொறுக்கித் தின்கிறவன், ஏமாற்றுகிறவன், ஏமாறுகிறவள், யாருமில்லாதவன், தெருநாயை உயிராக வளர்த்தவன். 'பாச்சி' என்ற கதையைப் படியுங்கள். ஒரு நாய் செத்துப்போவதுதான் கதை. அந்த மனிதனுக்கு அந்த நாய் என்னவாக இருந்தது என்பதைப் படித்து முடிக்கும்போது, நாம் தினமும் தாண்டிப் போகிற ஒருவனுடைய முழு வாழ்க்கையும் நம் முன்னால் நிற்கும். எழுதுவதற்கு நேரம் வேண்டும், தனிமை வேண்டும், மலை வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவருக்கு இந்தத் தெருவே போதுமாயிருந்தது. ஒரு வாடிக்கையாளர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில் நாம் கைபேசியை எடுக்கிறோம். அவர் தெருவைப் பார்த்தார்.

அவருடைய 'கிருஷ்ணப் பருந்து' நாவலை இன்றைய தலைப்புக்காகவே ஒருமுறை படிக்கச் சொல்வேன். மனைவியை இழந்து, தோட்டத்தில் ஒதுங்கி வாழும் ஒருவரின் கதை. ஊர் அவரைச் சாமி என்று மதிக்கிறது. ஆசைகளை அடக்கிவிட்டதாக, சலனமற்றுவிட்டதாக அவரும் நினைத்திருக்கிறார். ஆனால் அடங்கியதாக நினைத்தது அடியில் உயிரோடு இருந்திருக்கிறது. தான் வளர்த்த பையனின் மனைவி மீது அது எழும்போது அவர் திகைத்துப்போகிறார். ஒதுங்கியிருப்பதும் அமைதியும் ஒன்றில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் வெளியே மட்டும் அமைதியாக இருந்தால், பார்க்கப்படாதது பெரிதாகிக்கொண்டே இருக்கும். கோபம் வந்தால் கோபம் வந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். பொறாமை வந்தால் பொறாமை என்று தெரிய வேண்டும். எதிர்க்கடையில் கூட்டம் நிற்கும்போது வயிற்றில் எழுகிற சூட்டை, இதோ எழுகிறது என்று பார்க்கத் தெரிந்தவரை அது எரிக்காது. எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்கிறவரைத்தான் எரிக்கும்.

சரி, நாளைக் காலை என்ன செய்யலாம்? உங்களில் பலர் இதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

பழைய திருவிதாங்கூர் வழிகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். மலையாளத்தில் அத்தாணி என்பார்கள். ஆள் உயரத்துக்கு இருக்கும். தலைச்சுமையோடு தனியாக வருகிறவன், இறக்கிவைக்க இன்னொருவர் கைக்குக் காத்திருக்காமல், தானே சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு நிமிரலாம். மூச்சு வாங்கலாம். பிறகு சுமையை மறுபடி எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். சுமை குறைந்துவிடுவதில்லை. கழுத்துக்குத் தெம்பு வருகிறது. உங்கள் நாளில் அப்படிச் சில கற்களை நட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஷட்டரைத் தூக்குவதற்கு முன் ஒன்று. மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும்போது ஒன்று. கணக்கு முடித்துக் கல்லாவைப் பூட்டும்போது ஒன்று. அந்த இடத்தில் மூன்று மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக விடுங்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது தணிகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வேலை அது. நீண்டு விடும் மூச்சு உடம்பைத் தணிக்கிறது. உடம்பு தணிந்தால் மனத்துக்கு இடம் கிடைக்கிறது.

நிறுக்கும்போது நிறுங்கள். தராசில் எண் ஓடி நிற்கும் வரை அதைப் பாருங்கள். பொட்டலத்தை மடக்கும் விரலைப் பாருங்கள். ஆரியசாலைப் பக்கம் என் சின்ன வயதில் ஒரு கருப்பட்டிக் கடைக்காரர் இருந்தார். எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஒருவருக்குக் கொடுத்து முடித்து, மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்து, முகத்தைப் பார்த்து ஒருமுறை தலையசைத்த பிறகுதான் அடுத்தவர் பக்கம் திரும்புவார். கடைசியில் நிற்கிற சிறுவனுக்கும் அந்தத் தலையசைப்பு உண்டு. அவர் தியானம் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கடையில் யாரும் அவசரப்பட்டதாக நினைவில்லை.

இந்தத் தெருவில் தலைச்சுமைத் தொழிலாளர்கள் எத்தனை பேர்! அவர்களுக்காக 1978ஆம் ஆண்டுச் சட்டமே கேரளத்தில் இருக்கிறது. கூலி பற்றிய தகராறில்தான் நாம் அவர்கள் முகத்தை அதிகம் பார்த்திருக்கிறோம். உங்கள் கடைக்குப் பத்து வருஷமாக மூட்டை இறக்குகிறவரின் பிள்ளை என்ன படிக்கிறது? கடையில் நிற்கிற, பெரும்பாலும் வெளிமாநிலத்திலிருந்து வந்த பையனுக்கு அவன் ஊரில் யார் இருக்கிறார்கள்? கேட்டுப்பாருங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். இடையில் மணி அடித்தால் அடிக்கட்டும். பந்தியில் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது என்று நான் சொன்னது இதைத்தான். இது தருமம் என்பதற்காக மட்டும் செய்யச் சொல்லவில்லை. இன்னொருவரை முழுதாகக் கேட்கிற அந்த இரண்டு நிமிடத்தில் நம் மனம் அலைவதில்லை. நம் கவலை நம்மைப் பிடித்திருந்த பிடி தளர்கிறது. செய்து பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வீட்டில் இருக்கும் அக்காமார்களுக்கும் இதே பேச்சுதான். ஆனால் உங்களிடம் நான் ஒன்றும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டுத் தோசை வார்த்து, பிள்ளைக்கு டப்பா கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற உங்களிடம் 'ஒரே காரியத்தில் கவனம் வையுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. அந்த வேலையில் பாதியை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொண்டால்தான் உங்களுக்கு மூன்று மூச்சுக்கு இடம் கிடைக்கும். மன அமைதியைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நான் சொல்லிவிட்டேன்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்து ஒன்று கேட்டார். கடன் கழுத்தை நெரிக்கிறவனுக்கு மூச்சைக் கவனி என்று சொன்னால் சரியாகுமா என்றார். நேர்மையான கேள்வி. சரியாகாது, ஐயா. பெரிய பெரிய அங்காடிகளும் வீட்டு வாசலுக்கே வரும் இணைய வியாபாரமும் இந்தத் தெருவின் வருமானத்தை எப்படிப் பிடுங்குகின்றன என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். மூச்சு அந்தக் கடனை அடைக்காது. கடனைப் பற்றி மனைவியிடம் சொல்லும் துணிவை, கூட்டாளியிடம் கணக்கைத் திறந்து காட்டும் நிதானத்தை, இரவில் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கும் வாய்ப்பை அது தரலாம். அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்று. சில துயரம் கவனத்தால் கரையாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் அது நோய். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதுபோல் அதற்கும் போக வேண்டும். நம் ஊரில் ஊளம்பாறை என்ற பெயரை ஏசுவதற்குப் பயன்படுத்துகிறோம். சண்டையில் ஒருவனைப் பார்த்து 'உன்னை ஊளம்பாறைக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்கிறோம். அங்கே இருப்பது அரசின் மனநல மருத்துவமனை. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பி வேலை பார்க்கிறார்கள். அந்த ஏச்சைக் கேட்டு வளர்ந்த ஒருவன், தனக்கே உதவி தேவைப்படும்போது அந்த வாசலை எப்படி மிதிப்பான்? அந்தப் பேச்சை இந்தத் தெருவில் நாம் இன்றோடு நிறுத்த வேண்டும். உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

மத்திய அரசு 2022 அக்டோபரில் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி மனநல உதவியைத் தொடங்கியது. எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். வீட்டுக்குப் போகும் முன் இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டு எழுதுங்கள். ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு, மற்றதை உங்கள் கடைப் பையனிடம் கொடுத்து, அது எதற்கான எண் என்றும் சொல்லிவிடுங்கள்.